டிரான்ஸ்பார்மர் இல்லாத மின்சுற்று: அழுத்தம் குறையும், ஆபத்து குறையாது

மின்வெட்டு நேரத்துக்கென்று நம் வீடுகளில் சார்ஜ் டார்ச் ஒன்று வாங்கி வைத்திருப்போம். சாக்கெட்டிலிருந்து அதை உருவி எடுக்கும்போது, பின்னால் நீட்டிக்கொண்டிருக்கும் இரு ஊசிகளில் விரல் பட்டுச் சுள்ளென்று ஒரு அடி வாங்கிய அனுபவம் நம்மில் பலருக்கும் இருக்கும். மின் இணைப்பிலிருந்து எடுத்தாகி விட்டது. உள்ளே இருப்பதோ வெறும் 4 வோல்ட் பேட்டரி. பிறகு எங்கிருந்து வந்தது அந்த ஷாக்?

இந்தக் கேள்விக்கான விடை, அந்த டார்ச்சுக்குள் இருக்கும் விரல் நுனி அளவுள்ள ஒரு கெபாசிட்டரில் இருக்கிறது. டார்ச்சில் மட்டுமல்ல, இரவு விளக்கு, விலை குறைந்த எல்.இ.டி. பல்பு, கொசு பேட், மின்விசிறிக்கான ரிமோட் பலகை, வீட்டு வாசலில் உள்ள மின்மீட்டர் எனப் பல கருவிகளில் இதே முறை பயன்படுகிறது. இது எவ்வாறு வேலை செய்கிறது, எங்கே பயன்படுத்தலாம், எங்கே பயன்படுத்தவே கூடாது என்பதை நாம் ஒவ்வொருவரும் அறிந்திருப்பது நல்லது. குறிப்பாக, வீட்டில் எலக்ட்ரானிக்ஸ் ஆர்வமுள்ள பள்ளி, பாலிடெக்னிக் மாணவர்கள் இருந்தால் அவசியம் அறிந்திருக்க வேண்டும்.

230 வோல்ட்டும் 5 வோல்ட்டும்

நம் வீட்டுக்கு வரும் மின்சாரம் 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ் மாறுதிசை மின்சாரம். அதாவது ஒரு நொடிக்குள் 50 முறை முன்னும் பின்னுமாகத் திசை மாறி வருகிறது. 230 என்பது அதன் பயனுறு மதிப்பு. ஒவ்வொரு அலையின் உச்சியிலும் அது சுமார் 325 வோல்ட்டைத் தொட்டு இறங்குகிறது.

ஆனால் கருவிகளுக்குள் இருக்கும் ஐ.சி.க்களுக்குத் தேவைப்படுவது 3.3, 5 அல்லது 12 வோல்ட் நேர்திசை மின்சாரம்தான். இந்த இடைவெளியைக் கடக்க நெடுங்காலமாகப் பயன்பட்டு வந்தது டிரான்ஸ்பார்மர். இரும்புச் சட்டத்தின் மேல் இரண்டு தனித்தனிச் செப்புக் கம்பிச் சுருள்கள் சுற்றப்பட்டிருக்கும். ஒன்றில் 230 வோல்ட் நுழையும். மற்றொன்றிலிருந்து குறைந்த அழுத்தம் வெளிவரும். இரண்டு சுருள்களுக்கும் இடையே கம்பித் தொடர்பு கிடையாது; காந்தப் புலம் மட்டுமே ஆற்றலைக் கடத்துகிறது. இந்தக் கடைசி வரியை நினைவில் வைத்துக்கொள்வோம். கட்டுரையின் பிற்பகுதி முழுவதும் இதைப் பற்றியதுதான்.

டிரான்ஸ்பார்மர் கனமானது, இடத்தை அடைப்பது, செம்பும் இரும்பும் சேர்ந்து விலையும் அதிகம். ஒரு சின்ன இரவு விளக்குக்கு இத்தனை பெரிய சுமை எதற்கு என்ற எண்ணத்தில் பிறந்ததுதான் டிரான்ஸ்பார்மர் இல்லாத மின்வழங்கி.

ரெசிஸ்டரால் முடியாதா?

அழுத்தத்தைக் குறைக்க எளிய வழி, நடுவே ஒரு ரெசிஸ்டரை வைப்பது. மிகக் குறைந்த மின்னோட்டம் போதும் என்றால் இது சரிதான். 1 லட்சம் ஓம் ரெசிஸ்டர் வழியாக ஒரு சிறு எல்.இ.டி.யை 230 வோல்ட்டில் எரியவிட்டால் சுமார் 2.3 மில்லி ஆம்பியர் செல்லும். ரெசிஸ்டரில் அரை வாட் வெப்பம் உண்டாகும். சமாளித்துக் கொள்ளலாம்.

ஆனால் ஒரு சிறிய ஐ.சி. சுற்றுக்கு 5 வோல்ட்டில் 30 மில்லி ஆம்பியர் வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். சுற்று பயன்படுத்தும் மின்திறன் வெறும் 0.15 வாட். மீதி 225 வோல்ட்டையும் ரெசிஸ்டரே தாங்கினால் அதில் வீணாகும் வெப்பம் 6.75 வாட். அதாவது, பயன்படுவதைப் போல 45 மடங்கு வீண். சின்ன பிளாஸ்டிக் பெட்டிக்குள் இதை வைத்தால் பெட்டியே உருகிவிடும்.

இந்த வேறுபாட்டை நாம் ஏற்கெனவே வீட்டில் பார்த்திருக்கிறோம். பழைய காலத்துப் பெட்டி வடிவ மின்விசிறி ரெகுலேட்டரைத் தொட்டால் சுடும். அதற்குள் இருந்தது ரெசிஸ்டர் கம்பிச் சுருள். இப்போது சுவிட்ச் போர்டுக்குள்ளேயே அடங்கிவிடும் படிநிலை ரெகுலேட்டர் அவ்வளவாகச் சுடுவதில்லை. அதற்குள் இருப்பது கெபாசிட்டர்கள்.

கெபாசிட்டர் என்னும் குடம்

கெபாசிட்டர் என்பது மின்னூட்டத்தைச் சேமித்து வைக்கும் பாத்திரம். நேர்திசை மின்சாரத்தில் அது ஒருமுறை நிரம்பியதும் ஓட்டம் நின்றுவிடும். மாறுதிசை மின்சாரத்திலோ திசை மாறிக்கொண்டே இருப்பதால், அது ஒரு பக்கமாக நிரம்பும், காலியாகும், மறுபக்கமாக நிரம்பும், மீண்டும் காலியாகும். இப்படி நிரம்புவதும் காலியாவதுமே சுற்றில் மின்னோட்டமாக வெளிப்படுகிறது.

குடத்தில் தண்ணீர் சுமப்பதோடு இதை ஒப்பிடலாம். கிணற்றில் எவ்வளவு தண்ணீர் இருந்தாலும், ஒரு நடைக்கு ஒரு குடம்தான் வரும். ஒரு மணி நேரத்துக்கு எத்தனை நடை என்பது தெரிந்தால் மொத்தத் தண்ணீரும் தெரிந்துவிடும். கெபாசிட்டரின் அளவுதான் குடத்தின் அளவு. 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் நொடிக்கு 100 நடை.

கணக்கைப் பார்ப்போம். 0.47 மைக்ரோ ஃபாரட் கெபாசிட்டர், எதிர்த் திசையில் 325 வோல்ட்டிலிருந்து நேர்த் திசையில் 325 வோல்ட் வரை, மொத்தம் 650 வோல்ட் மாறும்போது கடத்தும் மின்னூட்டம் சுமார் 305 மைக்ரோ கூலும். நொடிக்கு 100 முறை என்றால் 30.5 மில்லி கூலும். அதாவது சராசரியாக 30.5 மில்லி ஆம்பியர். பாடநூல் வழியில் கணக்கிட்டாலும் இதே விடைதான்: 50 ஹெர்ட்ஸில் 0.47 மைக்ரோ ஃபாரட்டின் மின்மறுப்பு சுமார் 6,770 ஓம். 230 வோல்ட்டை அதனால் வகுத்தால் 34 மில்லி ஆம்பியர் பயனுறு மதிப்பு. நேர்திசையாக மாற்றியபின் அதன் சராசரி சுமார் 30.

இதில் கவனிக்க வேண்டியது, கெபாசிட்டர் சூடாவதில்லை என்பது. வாங்கிய ஆற்றலை அடுத்த கால் அலையில் மின் இணைப்புக்கே திருப்பித் தந்துவிடுகிறது. எனவேதான் ரெசிஸ்டர் 6.75 வாட்டை வீணடிக்கும் இடத்தில் கெபாசிட்டர் ஏறத்தாழ எதையும் வீணடிப்பதில்லை.

குடக் கணக்கிலிருந்து இன்னொன்றும் விளங்குகிறது. நடையின் எண்ணிக்கை கூடினால் தண்ணீரும் கூடும். சவூதி அரேபியாவில் மின்விநியோகம் 60 ஹெர்ட்ஸ். அதே 230 வோல்ட்டில் அதே கெபாசிட்டர் அங்கே 34-க்குப் பதிலாக ஏறத்தாழ 41 மில்லி ஆம்பியரைக் கடத்தும். அங்கிருந்து கொண்டுவந்த சிறு விளக்கு இங்கே கொஞ்சம் மங்கலாக எரிந்தால், பழுது என்று முடிவு கட்டுவதற்கு முன் இதையும் நினைத்துப் பார்க்கலாம். சதுர அலை தரும் மலிவான இன்வெர்ட்டர்களிலோ நிலைமை வேறு. அவற்றின் அலையில் செங்குத்தான ஏற்ற இறக்கங்கள் இருப்பதால், அந்தக் கணங்களில் கெபாசிட்டர் வழியே கூர்மையான மின்னோட்டம் பாய்ந்து மற்ற பாகங்களைச் சூடாக்கும்.

சுற்றில் யார் யாருக்கு என்ன வேலை?

கெபாசிட்டர் 5 வோல்ட்டை உருவாக்குவதில்லை. மின்னோட்டத்துக்கு ஒரு வரம்பு கட்டுகிறது, அவ்வளவுதான். மற்ற வேலைகளைப் பிற பாகங்கள் பகிர்ந்து கொள்கின்றன.

முதலில் சுமார் 100 ஓம் அளவுள்ள, தீப்பற்றாத வகை ரெசிஸ்டர். அலை உச்சியில் இருக்கும் கணத்தில் நாம் சுவிட்சைப் போட்டால், காலியான கெபாசிட்டர் பெரும் மின்னோட்டத்தை இழுக்கும். இந்த ரெசிஸ்டர் அதை 3.25 ஆம்பியருக்குள் நிறுத்துகிறது. பழுதுபட்டுக் கெபாசிட்டர் ஷார்ட் ஆகிவிட்டால், இதுவே பியூஸ் போல அறுந்து சுற்றைத் துண்டிக்க வேண்டும். ஆகவே இந்த இடத்தில் கைக்குக் கிடைத்த சாதாரண ரெசிஸ்டரைப் போடக் கூடாது.

அடுத்து, எக்ஸ்-2 என்று அச்சிடப்பட்ட கெபாசிட்டர். மின்கம்பியில் திடீரென ஏறி இறங்கும் மிகையழுத்தங்களைத் தாங்கும்படி, 2,500 வோல்ட் துடிப்புச் சோதனைக்கு உட்படுத்தப்படும் வகை இது. பொதுவாக 275 அல்லது 310 வோல்ட் ஏ.சி. என்று மேலே எழுதியிருக்கும். 400 வோல்ட் டி.சி. என்று எழுதிய கெபாசிட்டர் இதற்கு மாற்றாகாது. எண் பெரிதாக இருக்கிறதே என்று ஏமாந்துவிடக் கூடாது.

கெபாசிட்டருக்கு இணையாக 1 மெக் ஓம் ரெசிஸ்டர். நாம் தொடக்கத்தில் கேட்ட கேள்விக்கு இதுவே விடை. பிளக்கை உருவும் கணத்தில் அலை உச்சியில் இருந்தால், கெபாசிட்டர் 325 வோல்ட்டைத் தனக்குள் வைத்துக்கொண்டே வெளியே வருகிறது. இந்த ரெசிஸ்டர் இருந்தால் இரண்டரை நொடிக்குள் அது சில வோல்ட்டாக வடிந்துவிடும். சில காசுகளை மிச்சப்படுத்த இதை விட்டுவிட்ட கருவிகளில்தான் நாம் ஊசியைத் தொட்டதும் அடி வாங்குகிறோம். அந்த அடியில் உயிரைப் பறிக்கும் அளவு ஆற்றல் இல்லை. ஆனால் ஸ்டூலின் மேல் நிற்பவர் பதறி விழ அது போதும்.

பின்னர் நான்கு 1என்4007 டையோடுகள் சேர்ந்த பிரிட்ஜ். இது மாறுதிசையை ஒரே திசையாக்குகிறது. ஒரே டையோடு கொண்ட அரையலை முறையிலும் செய்யலாம். ஆனால் கிடைக்கும் மின்னோட்டம் பாதியாகிவிடும்.

அடுத்து 5.1 வோல்ட் ஜீனர் டையோடு. வந்து சேரும் 30 மில்லி ஆம்பியரில் சுற்று எடுத்துக்கொண்டது போக மீதியைத் தன் வழியே விட்டு, அழுத்தத்தை 5.1-க்கு மேல் ஏறாமல் பிடித்துக்கொள்வது இதன் வேலை. சுற்று எதையும் எடுக்காத நேரத்தில் முழுச் சுமையும் ஜீனர் மேல் விழும். 5.1 வோல்ட்டில் அது 0.16 வாட் மட்டுமே. அதுவே 1 மைக்ரோ ஃபாரட், 12 வோல்ட் ஜீனர் என்றால் 65 மில்லி ஆம்பியருக்கு ஏறத்தாழ 0.8 வாட். 1 வாட் ஜீனர் கொதிக்கும். கடைசியில் அலைகளைச் சமன்செய்ய 470 மைக்ரோ ஃபாரட் எலக்ட்ரோலிட்டிக் கெபாசிட்டர்.

ஜீனரின் இணைப்பு விட்டுப்போய், சுற்றும் மின்னோட்டத்தை எடுக்கவில்லை என்றால், 5 வோல்ட் இருக்க வேண்டிய இடத்தில் அழுத்தம் 300 வோல்ட்டைத் தாண்டி ஏறப் பார்க்கும். 16 வோல்ட் எலக்ட்ரோலிட்டிக் அதற்குள் வெடித்திருக்கும்.

30 மில்லி ஆம்பியர் தரும் சுற்றிலிருந்து 50 கேட்டால் அழுத்தம் சரிந்துவிடும். குடம் பெரிதாகாமல் தண்ணீர் கூடாது. அதனால் செல்போன் சார்ஜ் செய்யவோ, மோட்டார் ஓட்டவோ இந்த முறை உதவாது. ஆண்டுக்கணக்கில் ஓடும்போது எக்ஸ்-2 கெபாசிட்டரின் கொள்ளளவு படிப்படியாகக் குறைவதும் உண்டு. ஈரப்பதம் மிகுந்த இடங்களில் இது விரைவாக நடக்கும். நன்றாக இருந்த இரவு விளக்கு மங்கிப் போவதற்கும், ரிமோட் பலகை அடிக்கடி நின்று போவதற்கும் பல நேரங்களில் இதுவே காரணம்.

5 வோல்ட் என்பது எதிலிருந்து எதற்கு?

இப்போது முக்கியமான இடத்துக்கு வருகிறோம். மேலே சொன்ன சுற்றின் வெளியீட்டில் மல்டிமீட்டரை வைத்தால் 5 வோல்ட் காட்டும். 5 வோல்ட் யாரையும் ஒன்றும் செய்யாது என்று நாம் படித்திருக்கிறோம். அப்படியானால் அந்தக் கம்பியைத் தொடலாமா?

தொடக் கூடாது. மல்டிமீட்டர் காட்டியது இரண்டு வெளியீட்டுக் கம்பிகளுக்கு இடையே உள்ள வேறுபாட்டை. நாம் நிற்பதோ தரையில். தரைக்கும் அந்தக் கம்பிக்கும் இடையே இருப்பது 230 வோல்ட்டாக இருக்கலாம்.

மொட்டை மாடியின் விளிம்பில் ஒரு முக்காலி போட்டிருப்பதாக நினைத்துக்கொள்வோம். முக்காலிக்கும் மாடித் தளத்துக்கும் இடையே ஒரு முழ உயரம்தான். அதை அளந்து பார்த்து, உயரம் குறைவுதானே என்று தெருப்பக்கம் குதிப்பவர் உண்டா? டிரான்ஸ்பார்மர் செய்வது, அந்த முக்காலியைத் தெருவில் கொண்டுவந்து வைப்பது. கெபாசிட்டர் முறையில் முக்காலி மாடியிலேயே இருக்கிறது.

காரணம், நாம் முன்பு நினைவில் வைத்துக்கொண்ட அந்த வரிதான். டிரான்ஸ்பார்மரில் உள்ளே வரும் கம்பிக்கும் வெளியே போகும் கம்பிக்கும் தொடர்பு இல்லை. இங்கோ வெளியீட்டின் ஒவ்வொரு புள்ளியும் டையோடுகள் வழியாக மின்கம்பியோடு நேரடியாக இணைந்திருக்கிறது.

நியூட்ரல் பக்கம்தானே பொதுவாக இருக்கிறது, பேஸ் கம்பி கெபாசிட்டர் வழியாகத்தானே வருகிறது என்று சிலர் நினைக்கலாம். இரண்டு ஊசி பிளக்கை நாம் எந்தப் பக்கமும் திருப்பிச் செருகுகிறோம். ஒரு முறை செருகும்போது பேஸ் கெபாசிட்டர் வழியாக வரும். அப்போது தொடுபவர் உடலில் 34 மில்லி ஆம்பியர் வரை பாயலாம். பிடித்த கையை விட முடியாமல் தசைகள் இறுகுவது 10 மில்லி ஆம்பியர் அளவிலேயே தொடங்கிவிடும் என்பதையும், உயிர் காக்க வீடுகளில் பொருத்தப்படும் ஆர்.சி.சி.பி.யின் வரம்பு 30 மில்லி ஆம்பியர் என்பதையும் இதோடு ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். மறுமுறை திருப்பிச் செருகினால், பேஸ் நேரடியாகவே பிரிட்ஜுக்கு வந்துவிடும். அப்போது வரம்பு கட்டும் கெபாசிட்டர் நமக்கும் பேஸுக்கும் நடுவே இருக்காது.

பின் எப்படி இத்தனை கருவிகளில் இதைப் பயன்படுத்துகிறார்கள்? அந்தக் கருவிகளில் உலோகம் எதுவும் வெளியே தெரியாதபடி முழுவதும் பிளாஸ்டிக்கால் மூடியிருக்கிறார்கள். அங்கே நம் பாதுகாப்பு அந்த உறை மட்டும்தான். உறை விரிசல் விட்டாலோ, பல்பின் வெள்ளை மூடி கழன்றாலோ, உள்ளே தெரியும் எல்.இ.டி. தகட்டை 230 வோல்ட் கம்பியாகவே கருத வேண்டும்.

எங்கே பயன்படுத்தவே கூடாது?

வெளியீட்டுக் கம்பி உறையை விட்டு வெளியே வரும் எந்தக் கருவிக்கும் இந்த முறை ஆகாது. இதில் நம் வீடுகளுக்கு மிக நெருக்கமானது தண்ணீர்த் தொட்டி அலாரம். தொட்டி நிரம்பியதும் ஒலி எழுப்பும் சுற்றை மாணவர்கள் ஆர்வத்தோடு செய்கிறார்கள். இரண்டு கம்பிகளைத் தண்ணீரில் தொங்கவிட்டு, சுற்றுக்கு 5 வோல்ட்டை இந்தக் கெபாசிட்டர் முறையில் கொடுத்தால், தொட்டித் தண்ணீரே பேஸ் கம்பியோடு இணைந்துவிடும். கீழே குழாயைத் திறந்து கைகால் கழுவுபவருக்கோ, பாத்திரம் தேய்ப்பவருக்கோ மேலே நடப்பது எதுவும் தெரியாது.

இதுபோலவே யு.எஸ்.பி. முனை, இயர்போன் துளை, கணினியோடு இணைக்கும் புரோகிராமிங் கேபிள், உலோகப் பெட்டி, உலோகக் குமிழ் பொருத்திய சுவிட்ச், வெளியே நீளும் சென்சார் கம்பி, குழந்தைகளின் விளையாட்டுப் பொருள் ஆகிய எதையும் இந்தச் சுற்றோடு இணைக்கக் கூடாது.

செல்போன் சார்ஜரும் சிறியதுதானே, அதிலும் டிரான்ஸ்பார்மர் இல்லையே என்று கேட்கலாம். இருக்கிறது. அது முதலில் 230 வோல்ட்டை நேர்திசையாக்கி, நொடிக்குப் பல்லாயிரம் முறை விட்டுவிட்டுச் செலுத்துகிறது. அந்த வேகத்தில் தீப்பெட்டியை விடச் சிறிய ஃபெரைட் டிரான்ஸ்பார்மரே போதும். சிறியதாயினும் இரண்டு சுருள்களும் பிரிந்தே இருக்கின்றன. ஆகவே தரமான சார்ஜரின் 5 வோல்ட் முனை தொடத் தகுந்தது. செல்போன் சார்ஜர்கள் இந்தியத் தர நிர்ணய அமைப்பின் கட்டாயப் பதிவுக்கு உட்பட்டவை. ஆர் என்ற எழுத்தில் தொடங்கும் பதிவு எண் அதன் மேல் அச்சிடப்பட்டிருக்கும். ஒன்றின் உள்ளே மற்றொன்றாக இரண்டு சதுரங்கள் வரைந்த குறி, இரட்டை மின்காப்பு கொண்டது என்பதைக் காட்டும்.

நாம் செய்ய வேண்டியவை

பிள்ளைகள் பள்ளிக்கோ கல்லூரிக்கோ சுற்று செய்யும்போது 5 வோல்ட் எங்கிருந்து எடுக்கிறார்கள் என்று பெற்றோர் ஒரு கேள்வி கேட்டுவிட வேண்டும். வீட்டில் சும்மா கிடக்கும் தரமான பழைய செல்போன் சார்ஜர் ஒன்றைக் கொடுத்துவிட்டால் பிரச்சினையே இல்லை. பேட்டரியாக இருந்தால் இன்னும் நல்லது.

சார்ஜ் டார்ச், கொசு பேட் போன்றவற்றைச் சார்ஜில் இருக்கும்போது பயன்படுத்தக் கூடாது; உருவியதும் ஊசிகளைத் தொடாமல் மூடியை மூடிவிட வேண்டும். உறை உடைந்ததை டேப் ஒட்டிச் சமாளிக்காமல் கழித்துவிட வேண்டும். பழுது பார்க்க வேண்டுமானால், சுவிட்சை அணைத்தால் மட்டும் போதாது. சில வீடுகளில் சுவிட்ச் தவறுதலாக நியூட்ரல் கம்பியில் இணைக்கப்பட்டிருக்கும். அணைத்த பின்பும் பேஸ் உள்ளே வந்துகொண்டிருக்கும். பிளக்கை உருவி, சில நொடிகள் காத்திருந்து, பிறகே திறக்க வேண்டும்.

வீட்டில் ஆர்.சி.சி.பி. இல்லையென்றால் பொருத்திவிடுவது நல்லது. அது இருந்தாலும் முழுமையான காவல் என்று எண்ணிவிடக் கூடாது. மின்சாரம் நம் உடல் வழியே தரைக்குக் கசிந்தால்தான் அது துண்டிக்கும். ஒரு கையில் பேஸும் மறு கையில் நியூட்ரலும் பிடித்திருப்பவரை அது சாதாரண விளக்கு என்றே கருதும்.

டிரான்ஸ்பார்மர் இல்லாத சுற்று தவறான கண்டுபிடிப்பு அல்ல. மூடிய உறைக்குள், குறைந்த மின்னோட்டத்துக்கு, சரியான பாகங்களோடு அமைத்தால் ஆண்டுக்கணக்கில் சிக்கனமாக உழைக்கும். அது தருவது குறைந்த அழுத்தம். பாதுகாப்பான அழுத்தம் அல்ல. இந்த இரண்டும் ஒன்றல்ல என்பதை நம் வீட்டுப் பிள்ளைகளுக்கு, அவர்கள் கையில் சால்டரிங் அயர்ன் எடுப்பதற்கு முன்பே சொல்லிவிடுவோம்.